அவர் இப்படி ஆடுவாரா?

ஜூன் 7, சனி

போன வாரமே வந்திருக்க வேண்டிய தண்ணீர் இன்று காலை வந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் நாள் என்றால் யாரும் வீட்டை விட்டு நகர மாட்டார்கள். அண்ணன் மகன் நிச்சயதார்த்தத்துக்கே நான் தொட்டி நிரம்பிய பிறகுதான் போனேன். அண்ணி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். காட்டட்டும். தண்ணீர் வருகிற நேரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிற ஆள் நான் இல்லை. தனியாக இருக்கிறவளுக்கு யார் பிடித்து வைப்பார்கள்?

சாயங்காலம் வழக்கம்போல் கிளப். கிளப் என்றால் சீட்டாடுகிற இடம் என்று அண்ணி சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அப்படி ஒன்றும் இல்லை. வடவள்ளி பேக்கரி மாடியில், பிறந்தநாள் விழாவுக்கு வாடகைக்கு விடுகிற ஹாலில், சனிக்கிழமை மட்டும் ஹேமந்த் ஐந்தாறு மேஜை போட்டுப் பலகை ஆட்டங்கள் நடத்துகிறான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற பையன், சம்பளத்தில் பாதி அட்டைக்கும் பசைக்கும் போகிறது. மற்ற மேஜைகளுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வந்து போவார்கள். ஜன்னலோர மேஜை எங்களுடையது. ஹேமந்த், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ரெஜினா டீச்சர், மூக்குக்கண்ணாடிக் கடை லோகநாதன், நான். நான் பம்ப் கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறவள். வாரம் முழுக்க லாரிக்காரர்களோடு கத்திவிட்டு அங்கே போய் உட்கார்ந்தால் தொண்டைக்கு ஓய்வு. அதற்காகத்தான் போகிறேன். தேங்காய் பன்னும் நன்றாக இருக்கும்.

நாங்கள் ஆடுவது ஹேமந்தே உண்டாக்கிய ஆட்டம். பெயர் 'பருவக்காற்று'. ஃப்ளெக்ஸில் அடித்த பெரிய கடல், கரையெல்லாம் துறைமுகங்கள், ஆளுக்கு ஒரு நிறத்தில் கப்பல்கள். உப்பு, மிளகு, துணி என்று சரக்கேற்றிப் போய் விற்க வேண்டும். கொள்ளை அட்டை கையில் இருந்தால் அடுத்தவர் ஓரிடத்தில் காவல் இல்லாமல் விட்ட கப்பல்களைப் பிடித்து நம் துறைமுகத்தில் கட்டிவைக்கலாம். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு பருவம். பத்துப் பருவத்தில் ஆட்டம் முடியும். நடுவில் கலைப்பதில்லை, மேஜைமேல் பழைய பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டு வந்துவிடுவோம். காசுக்குப் பதில் என் கம்பெனியில் கழித்துப் போட்ட வாஷர்கள். கலங்கரை விளக்கத்துக்கு லோகநாதன் கடையிலிருந்து வந்த, கண்ணாடி துடைக்கிற திரவ பாட்டிலின் வெள்ளை மூடிகள்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. கலங்கரை விளக்கம் கட்டினால் கட்டியவருக்குச் செலவுதான். அந்த வழியாகப் போகிற எல்லாருடைய கப்பலும் புயலில் தப்பும். மூடி அத்தனையும் கொண்டுவந்து கொடுத்த மனுஷன் இதுவரை ஒன்றுகூடக் கட்டியதில்லை. கேட்டால், "வெளிச்சம் ஊருக்கு, செலவு எனக்குங்களா?" என்பார்.

இன்று ஆறாம் பருவம். லோகநாதன் கொள்ளை அட்டையைப் போட்டு ஹேமந்தின் மிளகுக் கப்பலைப் பிடித்தார். என் மிளகுக் கப்பல் அதைவிடக் கிட்டத்தில் நின்றது. அதைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. கண்ணாடிக் கடைக்காரருக்கே கண்ணாடி மாற்ற வேண்டிய காலம்.

கிளம்பும்போது என் கண்ணாடிக் காது ஆடுவதைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து முடுக்கிக் கொடுத்தார். யாருடையது ஆடினாலும் செய்வார், தொழில் அப்படி.

"ஏனுங்க, இத ஒத்தக் கையில கழட்டாதீங்க. வளைஞ்சிரும்."

"நான் எப்பங்க ஒத்தக் கையில கழட்டுனேன்?"

"எப்பவுமேங்க," என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

மிக்ஸி புகைந்துவிட்டது. கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றிப் பழகுகிறேன்.

ஜூன் 14, சனி

லோகநாதன் வரவில்லை. ஓசூரில் வேலை பார்க்கிற மகன் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டதாம். உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். மகனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அம்மாவும் இல்லை. லோகநாதன் மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது. பார்த்துக்கொள்ள இவர்தான். வியாழக்கிழமை காலையிலேயே போய்விட்டார். ஹேமந்துக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார். என் நம்பரும் அவரிடம் இருக்கிறது. ஹேமந்துக்குச் சொன்னால் எல்லாருக்கும் சொன்ன மாதிரிதானே.

ஆட்டம் பாதியில் நிற்கக் கூடாது என்பதற்காக எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒருவர் வராவிட்டால் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் அவருக்கும் சேர்த்து ஆட வேண்டும். தன் இஷ்டத்துக்கு இல்லை, வராதவர் எப்படி ஆடுவாரோ அப்படி. சந்தேகம் வந்தால் மற்றவர்கள் "அவர் இப்படி ஆடுவாரா?" என்று கேட்கலாம். ஆடமாட்டார் என்று மற்ற எல்லாரும் ஒத்துக்கொண்டால் அந்த ஆட்டம் செல்லாது. போனவர் திரும்பி வந்ததும், தன் பேரில் நடந்ததில் ஏதாவது ஒன்றை அழித்துவிடலாம். எது, ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஹேமந்துக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை வேலை வந்துவிடும், அவனுக்காக உண்டான வழக்கம் இது.

லோகநாதனுக்கு வலப்பக்கம் நான்தான். அந்த நாற்காலிக்கு ஃபேன் காற்று நன்றாக வரும். வேறு காரணம் இல்லை.

அவர் அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். ஒருவருடைய அட்டைகளை அவர் இல்லாதபோது பார்ப்பது என்னவோ போல் இருந்தது, பீரோவைத் திறந்த மாதிரி. சரக்கு வாரியாக, ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். கடைசியில் இரண்டாவது கொள்ளை அட்டை. இந்த ஆள் விடுவாரா? என் மூன்று துணிக் கப்பல்கள் நடுக்கடலில் காவல் இல்லாமல் நின்றன. நானாக இருந்தால் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அவர் அட்டையைப் போட்டு என் மூன்று மஞ்சள் கப்பல்களையும் நானே எடுத்து அவர் துறைமுகத்தில் கட்டினேன்.

ஹேமந்த், "அக்கா, உங்கள நீங்களே கொள்ளையடிக்கிறீங்க. சிலை வைக்கணும் உங்களுக்கு," என்றான்.

ரெஜினா டீச்சர் மட்டும் என்னைப் பார்த்து, "அவர் எடுப்பார்னு நெனைக்கிறியா?" என்றார். ஆட்சேபணையாகக் கேட்கவில்லை, பன்னைப் பிய்த்துக்கொண்டே சும்மா கேட்டார்.

"எடுக்காம? அவரு யாரு டீச்சர்?" என்றேன்.

டீச்சர் மீதிப் பன்னைச் சாப்பிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர் வந்து பார்த்தால் நேர்மையானவள் என்று தெரிந்துகொள்வார்.

ஜூன் 18, புதன்

ஆபீசிலிருந்து வரும் வழியில் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கொஞ்ச நாளாகக் கண் மங்கலாக இருப்பது போல் ஒரு சந்தேகம். கடையில் வேலை பார்க்கிற சபீனா மெஷினில் முகத்தை வைக்கச் சொல்லிச் சோதித்தாள்.

"பவர் மாறவே இல்லக்கா. அப்படியேதான் இருக்குது."

"சரியாப் பாரு. மங்கலா இருக்குது."

"நல்லாப் பாத்துட்டனுங்க்கா."

சோதனை வரைக்கும் வந்துவிட்டு வெறுங்கையோடு போனால் அவள் என்ன நினைப்பாள்? புது ஃப்ரேம் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். போகிற போக்கில் கடை முதலாளி எப்போது வருகிறார் என்று கேட்டேன். தினமும் போன் செய்கிறாராம், பையனுக்கு வலி அதிகமாம், சமையல் இவர்தானாம். முதல் நாள் ரசத்தில் பெருங்காயத்தைக் கொட்டிவிட்டாராம். சபீனா சிரித்தாள். இதையெல்லாம் இவளிடம் சொல்லியிருக்கிறார்.

கடையில் அவர் மேஜையில் காபி டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. சுத்தமாகத்தான் இருந்தது.

ஜூன் 21, சனி

எட்டாம் பருவம். அவர் ஆட்டத்தை ஆடுவது இப்போது எளிதாக இருக்கிறது. அட்டையைப் போடுவதற்கு முன்னால் அதை இரண்டு தடவை மேஜையில் தட்டுவார். நானும் தட்டியிருக்கிறேன் போல. ஹேமந்த் சொல்லித்தான் தெரிந்தது.

நடுவில் அவர் ஹேமந்துக்குப் போன் செய்தார். ஹேமந்த் ஸ்பீக்கரில் போட்டான். மகன் எழுந்து உட்காருகிறானாம். நடக்க மாதக் கணக்காகும் என்று டாக்டர் சொல்கிறாராம். பேச்சின் நடுவில் ஆட்டம் எப்படிப் போகிறது என்று கேட்டார். திரும்பி வருகிற வரைக்கும் போனவரிடம் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லக் கூடாது, அதுவும் எங்கள் வழக்கம்தான். "வந்து பாருங்கண்ணா," என்றான் ஹேமந்த்.

"எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

எல்லாரும் என்றால் மூன்று பேர். அதில் ஒருவன் போனில் பேசிக்கொண்டிருக்கிறான், இன்னொருவர் பக்கத்தில் இருந்து "நல்லா இருக்கேன் லோகநாதன்" என்று கத்திவிட்டார். மிச்சம் இருந்தது யார் என்று கணக்கு டீச்சரிடம்தான் கேட்க வேண்டும். நான் வாஷர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் குரல் சரியில்லை. லாரிக்காரர்களோடு கத்தியது.

ஜூன் 24, செவ்வாய்

தண்ணீர் வந்தது. லீவு போட்டுப் பிடித்தேன். புது மிக்ஸி சத்தம் அதிகம்.

ஜூன் 28, சனி

இன்று நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, எழுதுகிறேன்.

ஒன்பதாம் பருவம். காற்று அட்டையைத் திருப்பினால் வடகிழக்குப் புயல். என்னிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு உப்புக் கப்பல், அதுவும் தெற்கே இருக்கிற குறுகிய கால்வாய்க்கு வெளியே. கலங்கரை விளக்கம் இல்லாமல் அது தப்பாது. என்னிடம் கட்டுவதற்கு வாஷர் இல்லை.

லோகநாதனிடம் இருந்தது.

அவருடைய முறை வந்தது. அட்டையை இரண்டு தடவை தட்டினேன். வெள்ளை மூடியை எடுத்துக் கால்வாயின் முனையில் வைத்தேன். மூடி ஒரு தடவை சாய்ந்து விழுந்தது. நிமிர்த்தி வைத்தேன்.

ஹேமந்த் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அக்கா. அவரு இப்படி ஆடுவாரா?"

முறையான ஆட்சேபணை. நான் என் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணன் இத்தன ஆட்டத்துல ஒண்ணு கட்டுனதில்லீங்க்கா. அதும் உங்க கப்பலுக்காக. இது உங்க ஆட்டம், அவரு ஆட்டம் இல்ல. டீச்சர், நீங்க சொல்லுங்க."

ஹேமந்த் சொன்னது சரிதான். டீச்சரும் அதையே சொன்னால் மூடி திரும்பப் பெட்டிக்குப் போகும், என் கப்பல் முழுகும். கப்பலைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் லோகநாதன் எனக்காக அதைக் கட்டவே மாட்டார் என்று இரண்டு பேர் சேர்ந்து தீர்ப்புச் சொல்வதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. மூடியை நானே எடுத்துவிடலாம் என்று கை நீட்டினேன்.

"வை," என்றார் டீச்சர்.

கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "கட்டுவார்," என்றார்.

"டீச்சர், என்ன டீச்சர்?"

"வேற எங்கயும் கட்ட மாட்டார். அந்த எடத்துல கட்டுவார். ஹேமந்த், அடுத்த முறை உன்னுது, ஆடு."

ஹேமந்த் என்னைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான். பிறகு ஏதோ புரிந்தவன் மாதிரி தன் கப்பலை நகர்த்தினான். நான் இரண்டாவது பன் வாங்குகிற சாக்கில் கீழே இறங்கிப் போய்விட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

துணி துவைத்தேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். அரிசியில் வண்டு, வெயிலில் பரப்பினேன்.

ஓர் ஆட்டத்தில் புயலிலிருந்து ஒரு கப்பலைக் காப்பாற்றினால் அதற்கு இத்தனை அர்த்தம் பண்ண வேண்டியதில்லை. அவர் திரும்பி வந்தால் அதைத்தான் அழிப்பார். அழிக்கட்டும், அவர் உரிமை. மேஜைமேல் அத்தனை பேர் முன்னால் அந்த மூடியை எடுத்துப் பெட்டியில் போடுவார். நான் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த சனிக்கிழமை மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டால் என்ன?

ஜூலை 3, வியாழன்

காலையில் தண்ணீர். சாயங்காலம் புது ஃப்ரேம் வாங்கப் போனேன்.

"அக்கா, சார் சனிக்கிழமை வர்றாருங்க்கா."

நான் ஃப்ரேமைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சபீனாவின் முகம் தெரிந்தது, அது சந்தோஷமாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை.

"கடைய என் பேருக்கு மாத்திக் குடுக்கறாருங்க்கா. வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாரு. அங்கயே ஒரு கட பாத்துட்டாரு. பையன விட்டுட்டு வர மனசில்ல, பையனும் அப்பா இங்கயே இருங்கன்னு சொல்லுதாம்."

"நல்லது. நீயாவது முன்னுக்கு வா," என்றேன். ஃப்ரேம் மூக்கில் இறங்குகிறது என்றும் சொன்னேன். சரிசெய்ய வேண்டாம், இருக்கட்டும் என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் எனக்கு அழுகை வந்தது. நாற்பத்தெட்டு வயதில், ஆபீஸ் பையும் டிபன் கேரியருமாக, மருதமலை பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்துக்கு நடுவில். புதுக் கண்ணாடி ஒத்துக்கொள்ளவில்லையா என்று ஒரு அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 5, சனி

அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

ஆறு மணி வாக்கில் வந்தார். இளைத்திருந்தார். சட்டைப் பையில் அதே ஸ்க்ரூடிரைவர். "வாங்கண்ணா, கடைசிப் பருவத்துக்குக் கரெக்டா வந்துட்டீங்க," என்று ஹேமந்த் நாற்காலியை இழுத்துப் போட்டான். டீச்சர் மகனைப் பற்றிக் கேட்டார். நான் கேட்க நினைத்ததையெல்லாம் டீச்சர் கேட்டு முடித்துவிட்டதால் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

"தண்ணி வந்துச்சுங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வியாழக்கிழம வந்துச்சுங்க. இனி அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமதான்."

நாலு வாரம் கழித்துப் பார்த்த மனுஷனிடம் நான் பேசியது இதுதான்.

ஹேமந்த் பெட்ஷீட்டை எடுத்தான். லோகநாதன் மேஜையைக் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு துறைமுகமாக, அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டு வந்தார். தெற்குக் கால்வாயில் வந்து நின்றார்.

"இது யாருதுங்க?"

ஹேமந்த் டீச்சரைப் பார்த்தான். கடைசியில் டீச்சர்தான், "உங்களுது," என்றார்.

"நானுங்களா கட்டுனேன்?"

"உங்களுக்காக சாந்தாமணி கட்டினா. ஹேமந்த் ஆட்சேபணை பண்ணினான். நான் செல்லும்னு சொன்னேன்."

அவர் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எடுத்துப் போடுங்கள், சீக்கிரம் எடுத்துப் போடுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வழக்கம் இருக்குல்லீங்க, ஒண்ண அழிக்கலாம்னு," என்றார்.

"இருக்குதுங்கண்ணா," என்றான் ஹேமந்த், மெதுவாக.

அவர் கை நீண்டது. கால்வாயைத் தாண்டிப் போயிற்று. தன்னுடைய துறைமுகத்துக்குப் போய், அங்கே கட்டியிருந்த என் மஞ்சள் கப்பல்களில் ஒன்றை எடுத்து என் துறைமுகத்தில் வைத்தார். இரண்டாவதை எடுத்து வைத்தார். மூன்றாவதையும்.

"இத நான் பண்ணியிருக்க மாட்டேனுங்க," என்றார்.

அதுதான் நான் நேர்மை என்று பெருமைப்பட்ட ஆட்டம். ஹேமந்தால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "அண்ணா, அந்த மூணு போனா நீங்க மொதல் எடத்துல இருந்து எறங்கிடுவீங்க. அப்ப கலங்கரை விளக்கம்?"

"அது இருக்கட்டும்," என்றார்.

அதற்கப்புறம் கடைசிப் பருவத்தை ஆடி முடித்தோம். என்ன ஆடினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பழைய ஆட்டங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹேமந்தை அடித்திருக்கிறார், டீச்சரை அடித்திருக்கிறார். என் கப்பலை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை. எதிரில் இருந்த டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று லோகநாதன் எழுந்தார். படிக்கட்டில் நின்று, "ஃப்ரேம் சபீனா குடுத்ததுங்களா? மூக்குல எறங்குது, குடுங்க," என்றார். இரண்டு கையாலும் கழற்றிக் கொடுத்தேன். அதைப் பார்த்துச் சிரித்தார். ஃப்ரேமின் காதை விரல்களால் தேய்த்துச் சூடாக்கி, வளைத்து, தானே என் முகத்தில் மாட்டிப் பார்த்தார். மறுபடி கழற்றி, இன்னும் கொஞ்சம் வளைத்து, மறுபடி மாட்டினார்.

"இப்ப சரியாங்க?"

"சரிங்க."

"அப்ப நான் போயிட்டு வர்றேனுங்க."

"சரிங்க," என்றேன். லாரிக்காரர்களிடம் நாள் பூராவும் கத்துகிற வாய் இது.

ஜூலை 6, ஞாயிறு

டீச்சர்தான் ஜெயித்தார். நேற்று எழுத விட்டுப்போயிற்று.

ஃப்ரேம் இறங்கவே இல்லை. குனிந்து கோலம் போட்டாலும் இறங்கவில்லை.

இந்த நோட்டில் எதையெதையோ எழுதுகிறேன், ஒன்றை மட்டும் எழுதுவதில்லை. எழுதிவிடுகிறேன். எனக்கு அவர் வேண்டும். அவர் இல்லாத சனிக்கிழமை எனக்கு வேண்டாம். தேங்காய் பன்னும் ஃபேன் காற்றும் ஒன்றும் இல்லை.

ஜூலை 9, புதன்

அண்ணி வந்தாள். புதுக் கண்ணாடி நன்றாக இருக்கிறதே என்றாள். யார் வாங்கிக் கொடுத்தது என்று வேறு கேட்டாள். நானே வாங்கினேன் என்றேன். உண்மைதானே.

ஜூலை 12, சனி

புது ஆட்டம் ஆரம்பம். ஹேமந்த் வாஷர்களைப் பிரித்துக் கொடுத்தான். நாலாவது கைக்கு ஆள் வேண்டும், கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவரைக் கூப்பிடலாமா என்று கேட்டான். வேண்டாம், மூன்று பேராகவே ஆடலாம் என்றேன். டீச்சரும் அதையே சொன்னார். அந்த நாற்காலி அப்படியே கிடந்தது.

முதல் கப்பலை எங்கே வைப்பது என்று பார்த்தேன். கை தானாக மேற்குக் கரைக்குப் போயிற்று. அவர் எப்போதும் தொடங்குகிற துறைமுகத்தை விட்டு, அதற்குப் பக்கத்தில் வைத்தேன். அந்தத் துறைமுகம் இந்த ஆட்டம் முழுக்கக் காலியாகவே கிடக்கும். இந்த ஆட்டத்தில் அவர் இல்லை, அவருக்காக ஆடுகிற வேலையும் இல்லை. அவர் என்ன செய்வார், என்ன நினைப்பார் என்று நான் ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இன்னும் பத்துப் பருவம் போகும், அதற்கப்புறம் இன்னும் பத்து. ஊகித்த லட்சணம்தான் போன வாரம் தெரிந்ததே.

"டீச்சர், என் முறை வந்தா கொஞ்சம் நிறுத்தி வைங்க," என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்குப் போய்ப் போன் செய்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். "சொல்லுங்க, சாந்தாமணிங்க."

"ஒண்ணுமில்லீங்க. புது ஆட்டம் ஆரம்பிச்சாச்சு."

"இதுல எனக்குக் கை இல்லீங்களே."

"இல்லீங்க." கீழே பேக்கரியில் யாரோ கேக் பெட்டிக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "உங்க ஊர்ல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

"ஓசூர்லீங்களா? ஒண்ணும் பெருசா இல்லீங்க. மல மேல ஒரு கோயில் இருக்குது. ஞாயித்துக்கெழம கூட்டமா இருக்கும்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமதானுங்க."

போன் கட் ஆகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நாளைக்கு உங்களுக்குத் தண்ணி நாளுங்களே," என்றார்.

போன வாரம் போகிற போக்கில் நான் ஒரு தடவை சொன்னது. அதை ஓசூர் வரைக்கும் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

"வந்தா வந்துட்டுப் போகுதுங்க," என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

தண்ணீர் நாள். நான் வீட்டைப் பூட்டும்போது தெருவில் குழாய்கள் திறந்துகொண்டிருந்தன. எங்கே இந்நேரத்துக்கு, தண்ணி வந்துருச்சே என்று பக்கத்து வீட்டம்மா குடத்தோடு நின்று கேட்டார். போயிட்டு வர்றேனுங்க என்று மட்டும் சொன்னேன்.

காந்திபுரத்தில் ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் குலுங்குகிறது, எழுத்து கோணலாக வருகிறது. மடியில் தேங்காய் பன் பொட்டலம். அங்கே போய் என்ன பேசப்போகிறேன் என்று தெரியவில்லை. சாந்தாமணி இப்படி ஆடுவாளா என்று யாராவது கேட்டால், ஆடவே மாட்டாள் என்று ரெஜினா டீச்சர்கூடச் சொல்லிவிடுவார்.

சங்ககிரி தாண்டியாயிற்று.